இரண்டு மருந்தைச் சேர்த்தால் பூஞ்சை அடங்குமா?

வாசகி ஒருவரின் கடிதம்: "கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எனக்கு வயது 46. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிட்டு வந்தேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையையும் டாக்டர் சேர்த்துக் கொடுத்தார். ஏறக்குறைய அந்தச் சமயத்திலிருந்து பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும், தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதலும் திரும்பத் திரும்ப வருகின்றன. மருந்துக்கடையில் ஃப்ளுகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டால் முன்பெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். இப்போது இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை. கடைசியாக நான்கு மாத்திரைகள் கொண்ட 'கிட்' ஒன்றைக் கொடுத்தார்கள், அதிலும் பயனில்லை. என் கணவர், 'தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் ஒரே மருந்தையா அடிக்கிறோம்? இரண்டைக் கலந்துதானே அடிக்கிறோம், இதற்கும் அப்படித்தான்' என்கிறார். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் மகளும், மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள் என்றாள். நான் ஃப்ளுகோனசோலுடன் இட்ராகனசோலோ டெர்பினஃபினோ சேர்த்துச் சாப்பிடலாமா? நீலகிரித் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து தடவலாமா? என் கணவரும் மருந்து சாப்பிட வேண்டுமா? தோட்டத்தில் அடிக்கும் மருந்தால்தான் எனக்கு இப்படி ஆகிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஃப்ளுகோனசோலுடன் இட்ராகனசோலையோ டெர்பினஃபினையோ நீங்களாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் இப்படிச் சொல்லவில்லை. சில பூஞ்சை நோய்களில் அது உயிரைக் காக்கிறது, அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் உங்களைத் தொல்லைப்படுத்துவது பூஞ்சைதானா, பூஞ்சை என்றால் எந்த இனம், அது ஃப்ளுகோனசோலுக்கு உண்மையிலேயே கட்டுப்படவில்லையா என்பதையெல்லாம் இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஒன்றரை ஆண்டில் ஒருமுறையாவது மாதிரி எடுத்துப் பரிசோதித்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எதிரி யாரென்று தெரியாமல் இரண்டாவது மருந்தைத் தேர்ந்தெடுக்க எந்த மருத்துவராலும் முடியாது.

உங்கள் கணவரின் வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. கொப்புள நோய்க்கு நம் மலையில் அடிக்கும் கலவையில் பெரும்பாலும் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் ஹெக்சகோனசோலும் இருக்கும். அந்த ஹெக்சகோனசோலும் நீங்கள் விழுங்கிய ஃப்ளுகோனசோலும் ட்ரையசோல் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும், பூஞ்சைக்குள் இரண்டும் ஒரே நொதியைத்தான் முடக்குகின்றன என்பதும் அவருக்கே வியப்பாக இருக்கலாம். ஒற்றை நொதியை மட்டும் குறிவைக்கும் மருந்திடமிருந்து, அந்த நொதியில் ஏற்படும் சிறு மாற்றத்தின் மூலமே பூஞ்சை தப்பித்துவிட முடியும். தாமிரம் அப்படியல்ல, அது பூஞ்சையின் பல புரதங்களை ஒரே நேரத்தில் சிதைப்பதால், ஓரிடத்தில் மாறித் தப்பிக்க வழியில்லை. ஆகவே இலையின் மேல் தங்கும் தாமிரத்தையும் இலைக்குள் ஊடுருவும் ஹெக்சகோனசோலையும் சேர்த்து அடிப்பதில் நல்ல பொருள் இருக்கிறது. காசநோய்க்கு நான்கு மருந்துகளில் தொடங்குவதற்கும், எச்.ஐ.வி. தொற்றுக்கு ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகளை அடைத்துக் கொடுப்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தேயிலைச் செடிக்குத் தாமிரத்தை அடிக்கலாம், மனித உடலுக்குள் அப்படிப் பலவற்றையும் தாக்கும் ஒன்றைச் செலுத்த முடியாது. உயிரணுவின் அமைப்பைப் பார்த்தால், பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு மிகவும் நெருங்கிய உறவு. பூஞ்சையைக் கொல்லும் பொருட்களில் பெரும்பாலானவை நம் உயிரணுக்களையும் காயப்படுத்திவிடும். பாக்டீரியாவுக்கு எதிராக எத்தனையோ வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கும்போது, உடலுக்குள் பரவிய ஈஸ்ட் பூஞ்சைக்கு எதிராக நம்மிடம் இருப்பவை, ஃப்ளுகோனசோல் உள்ளிட்ட அசோல்கள், ஆம்போடெரிசின் பி, கேஸ்போஃபன்ஜின் முதலான எக்கினோகேண்டின்கள், ஃப்ளுசைட்டோசின் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய குடும்பங்களே. சேர்ப்பதற்கு இரண்டாவது மருந்து வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்துக்குள்தான் தேட வேண்டும். நீங்கள் கேட்ட இட்ராகனசோலும் ஒரு அசோல்தான். ஃப்ளுகோனசோல் முடக்கும் அதே நொதியைத்தான் அதுவும் முடக்குகிறது. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவியை வாங்கி வைப்பதால் இன்னொரு கதவு திறக்கப் போவதில்லை. கல்லீரலுக்குச் சுமை கூடுவதுதான் மிச்சம்.

ஃப்ளுகோனசோல் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அது ஏன் தோற்கிறது என்பதும் விளங்கும். நம் உயிரணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் இருப்பதுபோல, பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதிகளுள் ஒன்றை ஃப்ளுகோனசோல் அடைத்துவிடுவதால் சவ்வு பழுதடைந்து பூஞ்சை பெருகாமல் நின்றுவிடுகிறது. பெருகாமல் நிற்கிறது என்றுதான் சொன்னேன், சாகிறது என்று சொல்லவில்லை. இத்தகைய வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் காரணமாகும் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை இனங்களைப் பொறுத்தவரை இந்த மருந்து வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. மிச்சத்தை உடலின் எதிர்ப்பாற்றல்தான் துடைத்தெடுக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் அந்த இரண்டாம் பாதி வேலை மந்தமாக நடக்கும். பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. அது தன் நொதியின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த நொதியையே அளவுக்கு அதிகமாகத் தயாரித்து மருந்தைத் திணறடிக்கலாம். உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களைச் சவ்வில் பெருக்கிக்கொள்ளலாம். கேண்டிடா கிளப்ரேட்டா என்ற இனம் இந்தக் கடைசி வித்தையில் தேர்ந்தது. கேண்டிடா குரூசை என்ற இன்னொரு இனத்துக்கோ பிறவியிலேயே ஃப்ளுகோனசோல் ஏறாது. அதற்கு எதிராக இந்த மாத்திரையை எத்தனை முறை விழுங்கினாலும் பயன் இராது.

பரிசோதனைக் கூடத்தில் இது எப்படித் தெரியவருகிறது என்பதையும் சொல்கிறேன். நுண்ணுயிரியல் என் அன்றாட வேலை என்பதால் இதில் சற்று நேரம் செலவழிப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியை, இனத்துக்கு இனம் வேறு நிறம் காட்டும் வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டில் இழுத்து, உடல் வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால், கேண்டிடா அல்பிகன்ஸ் பச்சைப் புள்ளிகளாக எழும்பும்; டிராபிகாலிஸ் உலோகப் பளபளப்புடன் கூடிய கருநீலத்தில் வரும்; குரூசை விளிம்பு வெளுத்து, மேற்பரப்பு சொரசொரத்த இளஞ்சிவப்பாகப் படரும்; கிளப்ரேட்டா மழமழப்பான வெளிர் ஊதாவில் நிற்கும். நிறத்தை மட்டும் நம்பி முடிவு எழுதுவதில்லை, வேறு சோதனைகளால் உறுதிப்படுத்துவோம். பிறகு மெத்திலீன் நீலம் கலந்த வெளிர் நீலத் தட்டில் அந்த ஈஸ்ட்டைச் சீராகப் பூசி, நடுவில் ஃப்ளுகோனசோல் ஊறிய வட்டக் காகிதத் துண்டு ஒன்றை வைப்போம். மறுநாள் காகிதத்தைச் சுற்றி ஈஸ்ட் வளராத தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். அதன் அகலத்தை அளந்துதான் 'கட்டுப்படும்' என்றோ 'கட்டுப்படாது' என்றோ எழுதுகிறோம். சில தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தத் தெளிந்த வட்டத்துக்குள்ளும் மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி போல மெல்லிய படலம் ஒன்று தெரியும். மருந்தின் நடுவிலேயே, மிக மெதுவாக, ஒரு பகுதி ஈஸ்ட் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அளக்கும் விதிப்படி அந்தப் படலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அறிக்கையில் 'கட்டுப்படும்' என்றே போகும். எதிர்ப்பு வேறு, இப்படித் தாக்குப்பிடிப்பது வேறு. அறிக்கை நன்றாக இருந்தும் சிலருக்கு நோய் திரும்புவதற்கு இந்தத் தாக்குப்பிடிக்கும் ஈஸ்ட்டும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கூட்டு மருந்து ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஃப்ளுகோனசோலால் சவ்வு பழுதான ஈஸ்ட், கால்சினியூரின் என்ற புரதத்தின் துணையோடுதான் அந்த நெருக்கடியைச் சமாளிக்கிறது. அந்தப் புரதத்தையும் முடக்கிவிட்டால், வளர்ச்சியை நிறுத்த மட்டுமே தெரிந்த ஃப்ளுகோனசோல் கொல்லும் மருந்தாகவே மாறிவிடுகிறது; தட்டின் மேல் இருந்த அந்த மெல்லிய படலம் துடைத்தாற்போல் மறைந்துபோகிறது. இதைச் செய்யக்கூடிய மருந்துகளும் கையில் இருக்கின்றன: சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ். ஆனால் இவை சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பதற்காகக் கொடுக்கப்படுபவை. பூஞ்சைத் தொற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுப்பது எப்படி முடியும்? பூஞ்சையின் கால்சினியூரினை மட்டும் முடக்கி நம்முடையதை விட்டுவிடும் மருந்துக்காக ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கேட்ட டெர்பினஃபினும் இதுபோலத்தான். எர்கோஸ்டெரால் தயாரிப்பில் ஃப்ளுகோனசோல் அடைக்கும் படிக்கு முந்தைய படி ஒன்றை அது அடைக்கிறது. இரண்டும் சேர்ந்து சில ஈஸ்ட் வகைகளைத் தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக அடக்குவது பரிசோதனைக் கூடத்தில் தெரிந்த செய்தி. இருந்தாலும் உங்களைப் போன்ற நோயாளிகளுக்கு இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை. டெர்பினஃபின் முக்கியமாகப் படர்தாமரைக்கும் நகப் பூஞ்சைக்கும் உரிய மருந்து.

கண்ணாடித் தட்டில் வென்றது நோயாளியிடம் வெல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட்டைப் பரிசோதனைக் கூடத்தில் கொன்றது. ஃப்ளுகோனசோலுடன் சேர்த்தபோது இன்னும் நன்றாக வேலை செய்தது. மலிவான மாத்திரை என்பதால் பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. உகாண்டாவில் அந்த ஈஸ்ட்டால் மூளைக்காய்ச்சல் வந்த நோயாளிகளிடம் முறையாக ஒப்பிட்டுப் பார்த்து 2019-இல் முடிவு வெளியானபோது, செர்ட்ராலின் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது.

அப்படியானால் கூட்டு மருந்து எங்கே உண்மையில் வெல்கிறது? அதே கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில்தான். இது பெரும்பாலும் எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு வரும் உயிர்க்கொல்லி நோய். புற்றுநோய்க்காக 1957-இல் உருவாக்கப்பட்ட ஃப்ளுசைட்டோசின் அந்த வேலைக்கு உதவவில்லை. ஆனால் ஈஸ்ட் அதை உள்வாங்கித் தன் நொதியாலேயே நச்சாக மாற்றிக்கொள்கிறது என்பது பின்னர் தெரிந்தது. தனியாகக் கொடுத்தால் மிக விரைவில் எதிர்ப்பு உருவாகிவிடும். ஆம்போடெரிசின் பி-யுடன் சேர்த்தால் அந்த வாய்ப்புக் குறைவதோடு, ஈஸ்ட் சாகும் வேகமும் கூடுகிறது. வியட்நாமில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 100 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து மருந்து கொடுத்தபோது, ஆம்போடெரிசின் மட்டும் பெற்றவர்களில் 70 நாளுக்குள் 44 பேர் இறந்தார்கள். ஃப்ளுசைட்டோசினும் சேர்த்துப் பெற்றவர்களில் இறந்தவர்கள் 30 பேர். உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல், லிப்போசோமல் (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த) ஆம்போடெரிசின் ஒரே ஒரு பெரிய தவணையும், 14 நாள் ஃப்ளுசைட்டோசினும் ஃப்ளுகோனசோலும் என்று மூன்று மருந்துகளைச் சேர்த்தே பரிந்துரைக்கிறது. உங்கள் நாத்தனார் மகள் சொன்னது இத்தகைய நோயாளிகளைப் பற்றியதாக இருக்கலாம்.

கேண்டிடா இரத்தத்தில் கலந்துவிட்ட நோயாளிகளிடமும் கூட்டு மருந்தை முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆம்போடெரிசின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஃப்ளுகோனசோலோ எர்கோஸ்டெராலையே குறைத்துவிடுகிறது. எனவே இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும் என்ற அச்சம் நீண்ட காலம் இருந்தது. 2003-இல் வெளியான 219 நோயாளிகளின் ஆய்வில் அப்படி எதுவும் நடக்கவில்லை. சேர்த்துக் கொடுத்தவர்களின் இரத்தத்திலிருந்து பூஞ்சை சற்று விரைவாகவே நீங்கியது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பும் அவர்களுக்கே அதிகம். எக்கினோகேண்டின்கள் வந்த பிறகு, அந்த ஒற்றை மருந்திலேயே சிகிச்சையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஜப்பானில் 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, இன்று இந்திய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளையும் தொல்லைப்படுத்தும் கேண்டிடா ஆரிஸ் போன்ற இனங்களிடம், வேறு வழி இல்லாதபோது மருத்துவர்கள் சேர்க்கைகளை முயல்கிறார்கள். அது மருத்துவமனைப் படுக்கையில், சிரைவழி மருந்தும் தினசரி இரத்தப் பரிசோதனையுமாக நடக்கும் போராட்டம். வீட்டிலிருக்கும் உங்கள் தொல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி உங்களுக்கு வருகிறேன். வெள்ளைப்படுதல், அரிப்பு என்றாலே பூஞ்சை என்று முடிவு கட்டுவது எல்லோருக்கும் இயல்பு. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு ஈஸ்ட் தொற்றுதான் என்று முடிவு செய்து கடைக்கு வந்த பெண்களைப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்குத்தான் அது மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு அங்கே இயல்பாக வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை மாறுபாடு, கலப்புத் தொற்று, சோப்பு அல்லது கிருமிநாசினித் திரவத்தால் வந்த ஒவ்வாமை என்று வேறு வேறு காரணங்கள். 46 வயதில் ஹார்மோன் குறையத் தொடங்குவதால் வரும் வறட்சியும் இதே எரிச்சலைத் தரும். உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்க்கும்போது கேண்டிடாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் பார்க்காமல் எழுத மாட்டேன்.

அப்படித் தோன்றுவதற்கு முக்கியக் காரணம், நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட டாபாகிளிஃப்ளோசின். இந்த மாத்திரை இரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் குறைக்கிறது. சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடம் ஈஸ்ட்டுக்கு விருந்து வைத்த இடமாகிவிடுகிறது. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இந்த மருந்துக் குடும்பத்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு, அதுவும் பெண்களுக்கு அதிகம். 2020-இல் இதன் காப்புரிமை நம் நாட்டில் முடிந்து, விலை வெகுவாகக் குறைந்த பிறகு, பலருக்கும் இது எழுதிக் கொடுக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் மருந்து எதிர்ப்பு என்று நினைப்பது, ஒவ்வொரு முறையும் அடங்கிய பூஞ்சைக்கு நாள்தோறும் தீனி கிடைத்துக்கொண்டிருப்பதாகவே இருக்கலாம். அதற்காக அதை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது தரும் பாதுகாப்பை மனத்தில் வைத்து உங்கள் மருத்துவர் கொடுத்திருக்கலாம். தொல்லை தொடங்கிய மாதத்தையும் மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்; தொடர்வதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கடையில் கொடுத்த நான்கு மாத்திரைக் கிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தகைய கிட்டில் பொதுவாக அசித்ரோமைசின் ஒன்று, ஃப்ளுகோனசோல் ஒன்று, செக்னிடசோல் இரண்டு இருக்கும். பார்ப்பதற்குக் கூட்டு மருந்துபோல் இருந்தாலும், இதில் பூஞ்சைக்கு உரியது அந்த ஒற்றை ஃப்ளுகோனசோல் மட்டுமே. மற்றவை பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணிக்கும் உரியவை. பரிசோதனை வசதி இல்லாத இடத்தில், முதன்முறை வரும் ஒருவருக்கு, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் ஈஸ்ட் தொற்றுக்கு அதைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளே அடுத்த ஈஸ்ட் தொற்றைத் தூண்டிவிடக்கூடும். ஸ்டீராய்டு கலந்த கிரீம்களையும் தொடாதீர்கள். அரிப்பு அன்றைக்கு அடங்கும், பூஞ்சை அதற்குக் கீழே பரவும்.

பரிசோதனையில் கேண்டிடா அல்பிகன்ஸ் வந்து, ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படும் என்று தெரிந்தால், இரண்டாவது மருந்து தேவையே இல்லை. தேவை கால அளவு. ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் வருபவர்களுக்கு ஒற்றை மாத்திரை போதாது. 150 மி.கி. மாத்திரையை மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று தவணையாகக் கொடுத்து அடக்கிய பிறகு, வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் கொடுப்பது நிலைபெற்ற முறை. 2004-இல் வெளியான ஆய்வில், இந்த ஆறு மாத முடிவில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் தொல்லையின்றி இருந்தார்கள். மருந்து பெறாத குழுவில் அது 36 சதவீதம். ஆனால் மருந்தை நிறுத்திய பின் மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பியிருந்தது. தூண்டும் காரணத்தை விலக்காமல் மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்த ஆறு மாதச் சிகிச்சையில் உங்களுக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. ஃப்ளுகோனசோல், கல்லீரலில் கிளிமெபிரைடைச் சிதைக்கும் நொதியையும் தடுத்துவிடும். அதனால் இரத்தத்தில் கிளிமெபிரைடின் அளவு இரு மடங்குக்கும் மேல் உயரக்கூடும். காலையில் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்குபவராக நீங்கள் இருந்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, கைநடுக்கம், தலைசுற்றல் வந்து சரிவில் விழுந்துவிட நேரலாம். ஃப்ளுகோனசோல் எழுதுபவரிடம் கிளிமெபிரைடு சாப்பிடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதும்போது இது எளிதில் நழுவிவிடும்.

கிளப்ரேட்டா என்று வந்தால் பாதை மாறும். போரிக் அமிலம் 600 மி.கி. நிரப்பிய கேப்சூலை இரவில் உறுப்புக்குள் வைப்பதை இரண்டு அல்லது மூன்று வாரம் செய்வதுண்டு. நிஸ்டாட்டின் மாத்திரைகளும் அவ்வாறே. இதை மருத்துவரும் மருந்தாளுநரும் அளந்து தயாரித்துத் தர வேண்டும். கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரை இதற்கு எடுப்பது கூடவே கூடாது. கேப்சூலையும் வாயால் விழுங்கக் கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. இவற்றுக்கும் மசியாத கிளப்ரேட்டாவுக்கு, 17 சதவீத ஃப்ளுசைட்டோசின் கிரீமைத் தனியாகவோ, 3 சதவீத ஆம்போடெரிசின் கிரீமுடன் சேர்த்தோ 14 நாள் பயன்படுத்துவது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. மூளைக்காய்ச்சலில் பார்த்த அதே இணை இங்கே வெளிப்பூச்சாக வருகிறது. நீங்கள் கேட்ட கூட்டு மருந்து உங்கள் நோயில் இடம்பெறுவது, மற்றவை எல்லாம் தோற்ற பிறகு வரும் இந்தக் கடைசிப் படியில்தான். குரூசை என்று வந்தால் ஃப்ளுகோனசோலை விட்டுவிட்டு, குளோட்ரிமசோல் போன்ற உள்வைக்கும் மாத்திரையை ஒன்று அல்லது இரண்டு வாரம் கொடுப்பார்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். நீலகிரித் தைலத்தை, தேங்காயெண்ணெயில் கலந்தாலும், அந்த இடத்தில் தடவ வேண்டாம். சளிக்கு ஆவி பிடிக்க உதவுவது மெல்லிய உட்தோலைப் பொசுக்கிவிடும், பிறகு எரிச்சல் பூஞ்சையாலா தைலத்தாலா என்று எங்களாலும் பிரித்தறிய முடியாது. உங்கள் கணவருக்கு ஆண்குறி முனையில் சிவப்போ அரிப்போ இல்லாவிட்டால் மருந்து தேவையில்லை. தோட்ட மருந்தைப் பொறுத்தவரை, வயல்களில் தெளிக்கும் அசோல்களால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் மருந்து எதிர்ப்பு உருவாவது நெதர்லாந்தில் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. இந்தியாவிலும் மண்ணிலிருந்து அத்தகைய பூஞ்சையைப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் அது காற்றின் வழியே நுரையீரலுக்குப் போவது. உங்கள் தொல்லைக்குக் காரணமான கேண்டிடா நம் உடலிலேயே குடியிருப்பது. அதன் எதிர்ப்பு பெரும்பாலும் நாம் விழுங்கும் மாத்திரைகளால்தான் உருவாகிறது. ஆகவே அவர் அடிக்கும் மருந்தின் மேல் பழியைப் போட நான் தயாரில்லை. முகக்கவசமும் கையுறையும் போட்டு அடிக்கட்டும், அந்த உடையைத் தனியாகத் துவைக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர உள்ளாடையோடு நாள் முழுக்கக் கொழுந்து பறிக்க நேர்ந்தால், மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது உங்களுக்கு உதவும்.

மாதிரி கொடுக்க உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் துறை உள்ள மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் பூஞ்சை மாத்திரையோ கிரீமோ எதுவும் எடுக்காமல், தொல்லை இருக்கும்போதே போவது முக்கியம்; மருந்து போட்ட சூட்டோடு போனால் தட்டில் எதுவும் வளராது. காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றம், இரத்தக் கசிவு, புண் இவற்றில் ஏதேனும் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனைச் சீட்டில், நுண்ணோக்கிப் பரிசோதனை, கல்ச்சர் (தட்டில் வளர்த்துப் பார்ப்பது), இனங்காணல், ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படுகிறதா என்ற சோதனை ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். அறிக்கையில் 'கேண்டிடா வகை வளர்ந்துள்ளது' என்று மட்டும் இருந்தால் அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்தக் கேண்டிடா என்று அங்கேயே கேளுங்கள். வளர்ந்த தட்டைச் சில நாள் வைத்திருந்த பிறகே அழிப்பது வழக்கம் என்பதால், அறிக்கை கிடைத்த அன்றே கேட்டால் அதே தட்டிலிருந்து இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம், இன்னொரு முறை மலையிறங்கி வர வேண்டியிருக்காது.